ஃப்ளஷ் ஃபுல் ஹவுஸை வெல்லுமா? போக்கரின் வினோத வகைகளும் அவற்றின் கணக்கும்

லாஸ் வேகாஸில் ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் போக்கர் உலகத் தொடரின் அட்டவணையை முதல்முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். 1970-இல் தொடங்கிய தொடர் அது. டெக்சஸ் ஹோல்டெம் என்ற பெயர் மட்டும் கேள்விப்பட்ட மாதிரி இருக்கும். அதற்குக் கீழே ராஸ், படூகி, ஒமாஹா ஹை-லோ, டூஸ் டு செவன், ஷார்ட் டெக் என்று பட்டியல் நீளும். ஆட்டத்தைப் பார்த்தாலோ குழப்பம் இன்னும் கூடும். ஒரு மேசையில் ஃபுல் ஹவுஸ் வைத்திருப்பவர் ஃப்ளஷ்ஷிடம் தோற்கிறார். பக்கத்து மேசையில் 7, 5, 4, 3, 2 என்று உருப்படாத ஒரு கையைக் காட்டியவர் பணத்தை வாரிக்கொள்கிறார். இன்னொரு மேசையில் நான்கு ஏஸும் கைக்கு வந்தவர் முகத்தைச் சுளித்தபடி சீட்டைக் கவிழ்க்கிறார்.

மூன்றுமே விதிப்படி நடந்த ஆட்டங்கள்தான். ஏன் அப்படி என்பதைக் கணக்கிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

## வரிசை எங்கிருந்து வந்தது

போக்கரில் எந்தக் கை பெரியது என்பதை யாரோ உட்கார்ந்து ரசனைப்படி முடிவு செய்யவில்லை. அரிதாக வருவது பெரியது, அடிக்கடி வருவது சின்னது. அவ்வளவுதான் அடிப்படை. 52 சீட்டுக் கட்டிலிருந்து 5 சீட்டு எடுத்தால் 25,98,960 விதமான கைகள் அமையும். அவற்றை இனம் பிரித்து எண்ணினால்:

1. ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ், அதாவது ஒரே சின்னத்தில் அடுத்தடுத்த ஐந்து எண்கள்: 40.
2. ஒரே எண்ணில் நான்கு சீட்டு: 624.
3. ஃபுல் ஹவுஸ், ஒரே எண்ணில் மூன்றும் இன்னொரு எண்ணில் இரண்டும்: 3,744.
4. ஃப்ளஷ், ஐந்தும் ஒரே சின்னம்: 5,108.
5. ஸ்ட்ரெய்ட், அடுத்தடுத்த ஐந்து எண்கள், சின்னம் எதுவானாலும் சரி: 10,200. ரம்மி ஆடுபவர்கள் சீக்வென்ஸோடு இதைக் குழப்பிக்கொள்வார்கள். ரம்மியில் சின்னம் ஒன்றாக இருக்க வேண்டும், இங்கே வேண்டாம்.
6. ட்ரிப்ஸ், ஒரே எண்ணில் மூன்று: 54,912.
7. இரண்டு ஜோடி: 1,23,552.
8. ஒரு ஜோடி: 10,98,240.
9. ஒன்றுமே சேராத வெறுங்கை: 13,02,540.

மேலிருந்து கீழே எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன, எங்கும் முரண் இல்லை. ஆனால் இந்த ஒழுங்கு 52 சீட்டு, 5 சீட்டுக் கை, ஜோக்கர் கிடையாது என்ற மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டது. வினோத வகைகளில் பெரும்பாலானவை இந்த நிபந்தனைகளில் ஒன்றிலோ, எந்தக் கை ஜெயிக்கும் என்ற விதியிலோ கை வைத்துப் பிறந்தவை.

52 என்பதும் ஆதியிலிருந்தே வந்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நியூ ஆர்லியன்ஸிலும் மிசிசிப்பி நதியின் நீராவிப் படகுகளிலும் போக்கர் பரவியபோது கட்டில் இருந்தவை 20 சீட்டுகள்: ஏஸ், ராஜா, ராணி, ஜாக், பத்து. நாலு பேருக்கு ஐந்தைந்து போட்டால் கட்டு தீர்ந்துவிடும். மாற்றி எடுக்க மிச்சச் சீட்டே கிடையாது. ஸ்ட்ரெய்ட், ஃப்ளஷ் என்ற பேச்சும் இல்லை. அந்த ஆட்டத்தில் நாலு ஏஸை யாராலும் வெல்ல முடியாது. நாலு ராஜாவோடு ஒரு ஏஸ் வைத்திருந்தாலும் அப்படியே, ஏனென்றால் எதிராளியிடம் நாலு ஏஸ் இருக்க வழியில்லை. வெல்லவே முடியாத கை இருப்பது சூதாட்டத்துக்கு நல்லதில்லை. கட்டு பெரிதானதும் ஸ்ட்ரெய்ட்டும் ஃப்ளஷ்ஷும் வரிசையில் நுழைந்தன.

## கட்டைக் குறைத்தால்: ஷார்ட் டெக்

2, 3, 4, 5 ஆகிய எண்களை எல்லாச் சின்னங்களிலிருந்தும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 36 சீட்டு. இதை வைத்து ஆடும் ஹோல்டெம்தான் ஷார்ட் டெக். மக்காவ் பக்கத்துப் பெரும்பணக்கார மேசைகளில் புழங்கி, டிரைட்டன் என்ற போக்கர் போட்டித் தொடர் வழியாக வெளியுலகத்துக்குத் தெரிந்து, 2019-இல் லாஸ் வேகாஸ் உலகத் தொடரிலும் இடம்பிடித்தது. கட்டு சிறுத்ததால் கைகள் தடிக்கின்றன. வழக்கமான ஹோல்டெமில் கைக்குத் தரும் இரண்டு சீட்டிலேயே 221 தடவைக்கு ஒரு தடவை வரும் ஏஸ் ஜோடி, இதில் 105 தடவைக்கு ஒருமுறை வந்துவிடும்.

இப்போது வரிசையை மறுபடி எண்ண வேண்டும். 36-இல் 5 எடுத்தால் மொத்தம் 3,76,992 கைகள். அதில் ஃபுல் ஹவுஸ் 1,728. ஃப்ளஷ் வெறும் 480. ஒரு சின்னத்தில் 13 சீட்டு இருந்த இடத்தில் 9 தானே மிச்சம்? ஐந்து சேர்வது அவ்வளவு கடினமாகிவிட்டது. ஆகவே ஃப்ளஷ் ஒரு படி மேலே ஏறி ஃபுல் ஹவுஸை வெல்கிறது. முதல் மேசையில் நடந்தது இதுதான்.

இத்தோடு நின்றிருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் அதே 36 சீட்டில் ஒரு ஜோடி வரும் கைகள் 1,93,536, வெறுங்கை 1,22,400. வெறுங்கைதான் அரிது! ‘அரிதானது பெரியது’ என்ற விதியைக் கறாராகப் பிடித்தால் ஒன்றுமே சேராதவன் ஜோடிக்காரனை வெல்ல வேண்டும். அப்படி யாரும் ஆடுவதில்லை.

ஹோல்டெமில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகம் உண்டு. கையில் 2, மேசையில் 5, ஆக 7 சீட்டிலிருந்து சிறந்த 5-ஐத் தேர்ந்துகொள்வது அந்த ஆட்டம். 52 சீட்டிலேயே ஏழைப் பார்த்தால் ஒரு ஜோடியில் முடிவது சுமார் 44 சதவீதம், இரண்டு ஜோடி 23.5, வெறுங்கை 17 சதவீதம்தான். உலகமே ஆடும் ஹோல்டெமிலும் கீழ்ப்படிகள் கணக்குக்கு ஒத்துவரவில்லை. சரி, வெறுங்கையை ஜோடிக்கு மேலே தூக்கிவைத்தால்? ஜோடி வந்தவர் ஏழில் ஜோடி விழாத ஐந்தைக் காட்டி, ‘என்னிடமும் வெறுங்கைதான்’ என்பார். திருத்திய மறுகணமே கணக்கு மாறிவிடும். ஆட்டக்காரருக்குத் தன் கைக்குத் தானே பெயர் வைக்கும் உரிமை வந்துவிட்டால், எண்ணிப் பார்த்து வரிசைப்படுத்தும் முறை ஆட்டம் காண்கிறது.

ஷார்ட் டெக்கில் ட்ரிப்ஸ் பெரியதா, ஸ்ட்ரெய்ட் பெரியதா என்ற சண்டைக்கும் காரணம் இதுவே. ஐந்து சீட்டாக எண்ணினால் ஸ்ட்ரெய்ட் 6,120, ட்ரிப்ஸ் 16,128, ஸ்ட்ரெய்ட்தான் அரிது. ஏழு சீட்டாக எண்ணினால் ஸ்ட்ரெய்ட் மலிந்துபோய் ட்ரிப்ஸ் அரிதாகிவிடும். சில இடங்களில் ட்ரிப்ஸை மேலே வைத்து ஆடியிருக்கிறார்கள். ஸ்ட்ரெய்ட்டை மேலே வைப்பதே இன்று அதிகம் புழங்கும் விதி. புது இடத்தில் ஷார்ட் டெக் மேசைக்கு உட்காருமுன் இதை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது பர்ஸுக்கு நல்லது.

## மூணு சீட்டு: நான்கு கையில் தவறிய நியாயம்

நம் ஊர்க்காரர்களுக்கு இதே பாடம் மூணு சீட்டில் இருக்கிறது. வடக்கே தீன் பத்தி என்பார்கள். பிரிட்டனின் மூன்று சீட்டு பிராக் ஆட்டத்தின் நெருங்கிய சொந்தம். 52-இல் 3 எடுத்தால் 22,100 கைகள். மூன்று சீட்டு அடுத்தடுத்து அமைவது 720. மூன்றும் ஒரே சின்னமாக வருவது 1,096. எனவே மூணு சீட்டில் அடுத்தடுத்த எண்களான வரிசை, ஒரே சின்னமான கலரை வெல்லும். ஐந்து சீட்டுப் போக்கரில் பழகியவர் இங்கே வந்து ‘நான்தான் ஃப்ளஷ்’ என்று பணத்தில் கை வைத்தால் அடிதடிதான்.

உச்சியில் இருப்பது மூன்றும் ஒரே எண்ணாக வரும் ட்ரெயில். அது 52 விதத்தில் வரும். அதற்கு அடுத்த இடத்தில் இருக்கும் ஒரே சின்ன வரிசையோ 48 விதத்தில்தான் வரும். நியாயமாகப் பார்த்தால் முதலிடம் அதற்குத்தான் போக வேண்டும். நான்கே நான்கு கை வித்தியாசத்தில் மரபு கணக்கை மீறி நிற்கிறது. 1994-இல் டெரெக் வெப் உருவாக்கிய த்ரீ கார்ட் போக்கர் என்ற கேசினோ ஆட்டத்தில் இதைச் சரிசெய்து, ஒரே சின்ன வரிசையை ட்ரெயிலுக்கு மேலே வைத்தார்கள். பிராக்கில் இன்னும் விசேஷம்: மூன்று ஏஸை மூன்று மூன்றுகள் வென்றுவிடும். இதற்கு எந்தக் கணக்கும் கிடையாது, வழக்கம்தான்.

## ஜோக்கர் நுழைந்தால்

வீட்டில் நண்பர்கள் கூடி ஆடும் அமெரிக்கப் போக்கரில் சீட்டுப் போடுபவர் அந்தச் சுற்றுக்கான ஆட்டத்தைத் தேர்வுசெய்வது வழக்கம். அதில் பிறந்த வகைகளுக்கு அளவே இல்லை. ‘பேஸ்பால்’ என்றொரு ஆட்டத்தில் 3-உம் 9-உம் ஜோக்கர், திறந்த சீட்டாக 4 விழுந்தால் கூடுதலாக ஒரு சீட்டு. ‘ஃபாலோ த குயீன்’ ஆட்டத்தில் ராணிகள் ஜோக்கர்; திறந்து விழும் ராணிக்குப் பின்னால் வரும் எண்ணும் ஜோக்கர்; அடுத்த ராணி விழுந்தால் பழைய எண் பதவியிழந்து புதியது ஏறும். ஐந்து நிமிடம் முன்பு கையில் ஒரு ஜோக்கரோடு சிரித்துக்கொண்டிருந்தவர் கடைசியாகத் திறந்து விழும் சீட்டில் வெறுங்கையோடு நிற்பார்.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் இவற்றை மதிப்பதில்லை, அதிர்ஷ்டம் அதிகம் என்பார்கள். ஆனால் இவற்றைவிட ஆழமான ஒரு கோளாறு சாதாரண ஒற்றை ஜோக்கரிலேயே இருக்கிறது. 1990-களில் கணிதவியலாளர்கள் இதைப் பற்றித் தனிக் கட்டுரைகளே எழுதினார்கள். பென்சிலும் காகிதமும் இருந்தால் நாமே போட்டுப் பார்க்கலாம்.

1. 52 சீட்டோடு ஒரு ஜோக்கரைச் சேர்க்கிறோம். ஜோக்கர் எந்தச் சீட்டாகவும் நடிக்கும்.
2. ஒருவரிடம் இரண்டு எட்டு, ஒரு ராஜா, ஒரு 5, ஒரு ஜோக்கர் வருகிறது என்போம். ஜோக்கரை எட்டு என்றால் ட்ரிப்ஸ். ராஜா என்றால் இரண்டு ஜோடி. வழக்கமான வரிசையில் ட்ரிப்ஸ் பெரியது, அதனால் எட்டு என்பார்.
3. இப்படி ஒரு ஜோடியும் ஜோக்கருமாக வரும் கைகள் 82,368. எல்லாரும் ட்ரிப்ஸ் என்பார்கள். இயல்பான ட்ரிப்ஸ் 54,912. இரண்டையும் சேர்த்தால் 1,37,280.
4. இரண்டு ஜோடியை யாரும் ஜோக்கரை வைத்துச் செய்யப்போவதில்லை. ஆகவே அது பழைய 1,23,552-இலேயே நிற்கும். இப்போது இரண்டு ஜோடிதான் அரிது. வரிசை தவறு!
5. சரி, திருத்துவோம். இனி இரண்டு ஜோடி ட்ரிப்ஸை வெல்லும் என்று அறிவிக்கிறோம்.
6. அறிவித்த உடனே அந்த 82,368 பேரும் ஜோக்கரை ராஜா என்று சொல்லி இரண்டு ஜோடி ஆக்கிக்கொள்வார்கள். இரண்டு ஜோடி 2,05,920 ஆகிவிடும். ட்ரிப்ஸ் 54,912-க்கு இறங்கிவிடும். இப்போது ட்ரிப்ஸ்தான் அரிது. வரிசை மறுபடியும் தவறு.

எதை மேலே வைத்தாலும் அது மலிந்துபோகும். கூட்டமில்லாத வரிசை என்று பலகை மாட்டியதும் எல்லாரும் அங்கே ஓடுகிற ரேஷன் கடைக் கதைதான். ஜோக்கர் உள்ள போக்கரில் முழுக்க நியாயமான ஒரு வரிசையை அமைக்கவே முடியாது. ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டியதுதான்.

## தோற்கும் கை ஜெயிக்கும் ஆட்டங்கள்

வரிசையைத் தலைகீழாக்கினால் லோபால் குடும்பம். மோசமான கைக்கே பரிசு. எது ‘மோசம்’ என்பதில் இரண்டு பள்ளிகள்.

முதல் பள்ளியில் ஏஸ் சின்னது. ஸ்ட்ரெய்ட், ஃப்ளஷ் ஆகியவை கணக்கிலேயே வராது. சிறந்த கை 5, 4, 3, 2, ஏஸ். ஏழு சீட்டில் ஆடும் ராஸ் இந்த வகை.

இரண்டாம் பள்ளியான டூஸ் டு செவனில் ஏஸ் பெரியது. ஸ்ட்ரெய்ட்டோ ஃப்ளஷ்ஷோ அமைந்தால் அது குற்றம். 6, 5, 4, 3, 2 வந்தால் ஸ்ட்ரெய்ட் ஆகிவிட்டது, போச்சு. ஆகவே சிறந்த கை வெவ்வேறு சின்னத்தில் 7, 5, 4, 3, 2. இரண்டாம் மேசைக்காரர் காட்டியது இது. பார்க்க உருப்படாத இந்தக் கை 1,020 விதத்தில்தான் அமையும். ஃபுல் ஹவுஸ் 3,744 என்பதை நினைவில் கொண்டால், உன்னதமான கேவலம் எவ்வளவு அரிது என்பது புரியும்.

படூகி இன்னும் விலகிய கிளை. கொரியாவில் மிகப் பிரபலம். நான்கே சீட்டு. நான்கும் வெவ்வேறு எண், வெவ்வேறு சின்னம், முடிந்தவரை சிறிய எண். ஒரே சின்னத்தில் இரண்டு வந்தால் ஒன்றைக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். ஃப்ளஷ் தேடிப் பழகிய கண்ணுக்கு இதில் எல்லாமே எதிர்ப்பதம். முதல் நான்கு சீட்டிலேயே முழுப் படூகி அமைவது 2,70,725-இல் 17,160, அதாவது நூற்றுக்கு ஆறு சொச்சம். அதனால்தான் மூன்று முறை சீட்டு மாற்ற வாய்ப்புத் தருகிறார்கள்.

லோபால் பரவியதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. கலிபோர்னியா 1885-இல் ‘ஸ்டட்-ஹார்ஸ் போக்கர்’ என்ற ஒன்றைத் தடைசெய்தது. அந்தப் பெயர் எந்த ஆட்டத்தைக் குறிக்கிறது என்பதிலேயே தெளிவில்லை. சீட்டை மறைத்து மாற்றியெடுக்கும் டிரா வகை தடைக்கு வெளியே நின்றது. எனவே லாஸ் ஏஞ்சலஸ் அருகே கார்டீனா நகரின் சீட்டுக் கிளப்புகளில் பல பத்தாண்டுகள் டிராவும் லோபாலும்தான். 1980-களின் கடைசியில் ஹோல்டெம் அந்தத் தடைக்குள் வராது என்று நீதிமன்றத்தில் தீர்ந்த பிறகே நிலைமை மாறியது. லோபாலின் முடிசூடா மன்னர் பில்லி பாக்ஸ்டர் வேறொரு வழக்குக்காகவும் நினைக்கப்படுபவர். போக்கரில் வென்ற பணத்தை உழைக்காமல் வந்த வருமானமாகக் கருதி அமெரிக்க வரித்துறை கூடுதல் விகிதம் போட்டது. அவர் வழக்காடி 1986-இல் ஜெயித்தார்: அது உழைத்துச் சம்பாதித்த பணமே.

## நான்கு ஏஸ் ஏன் சாபம்

ஒமாஹாவில் கைக்கு நான்கு சீட்டு, மேசையில் ஐந்து. ஒரே ஒரு நிபந்தனை: கையிலிருந்து சரியாக இரண்டு, மேசையிலிருந்து சரியாக மூன்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

மேசையில் நான்கு ஹார்ட் விழுந்திருக்கிறது, உங்களிடம் ஹார்ட் ஏஸ் இருக்கிறது, மற்ற மூன்றும் வேறு சின்னம். ஹோல்டெமில் இது இருப்பதிலேயே பெரிய ஃப்ளஷ். ஒமாஹாவில் ஃப்ளஷ்ஷே இல்லை, கையில் இரண்டாவது ஹார்ட் கிடையாதே. புதியவர்கள் பணம் இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நான்கு ஏஸ் கதையும் இதேதான். நான்கில் இரண்டை மட்டுமே பயன்படுத்தலாம், மேசையில் மூன்றாவது ஏஸ் விழவும் வழியில்லை. ட்ரிப்ஸாக மாறவே முடியாத ஒரு ஜோடியோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒமாஹா ஹை-லோவில் பணம் இரண்டாகப் பிரியும்: பெரிய கைக்குப் பாதி, சிறிய கைக்குப் பாதி. சிறிய கைக்கு ஐந்தும் எட்டுக்குள் இருக்க வேண்டும். மேசையில் எட்டுக்குள் மூன்று வெவ்வேறு எண்கள் விழவில்லையென்றால் சிறிய கையே கிடையாது, மொத்தமும் பெரியதற்கே.

இப்படி ஐந்து வகைகளைச் சுற்று முறையில் ஆடுவது ஹார்ஸ்: ஹோல்டெம், ஒமாஹா ஹை-லோ, ராஸ், சில சீட்டுகளைத் திறந்து போட்டு ஆடும் ஸ்டட், எட்டுக்குள் ஸ்டட். 2006-இல் 50,000 டாலர் கட்டணத்தில் உலகத் தொடரில் இது நடந்தபோது சிப் ரீஸ் வென்றார். அவர் மறைந்த பின் அந்தப் போட்டியின் கோப்பைக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் 25 லட்சம் டாலர் வென்றபின் உலகமே ஹோல்டெம் பக்கம் ஓடியது. ஆனால் யார் உண்மையில் கெட்டிக்காரர் என்று தொழில்முறை ஆட்டக்காரர்களைக் கேட்டால் இன்றும் இந்தக் கலவை ஆட்டத்தைத்தான் காட்டுவார்கள்.

## மறைப்பதை மாற்றினால்

சீட்டையும் வரிசையையும் தொடாமல், யாருக்கு எது தெரியும் என்பதை மட்டும் மாற்றும் வகைகளும் உண்டு. ஆளுக்கு ஒரே சீட்டு, அதையும் பார்க்காமல் நெற்றியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மற்றவர் சீட்டெல்லாம் தெரியும், தன்னுடையது மட்டும் தெரியாது. இதன் பெயர் ‘இந்தியன் போக்கர்’. நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கப் பூர்வகுடிகள் தலையில் சூடும் இறகை நினைவூட்டுவதாக வைத்த பெயர், அவ்வளவு நாகரிகமான பெயரும் இல்லை.

எதிர்த் திசையில், எல்லாச் சீட்டையும் திறந்தே வைப்பது ஓப்பன் ஃபேஸ் சைனீஸ். 13 சீட்டை மேலே 3, நடுவே 5, கீழே 5 என்று அடுக்க வேண்டும். கீழ் வரிசை நடுவைவிடவும், நடு மேலைவிடவும் சளைக்கக் கூடாது. சளைத்தால் மொத்தக் கையும் செல்லாது. ஒருமுறை வைத்த சீட்டை நகர்த்த முடியாது. பந்தயத்தை ஏற்றுவதும் பொய்யாக மிரட்டுவதும் கிடையாது. புள்ளிக் கணக்கு மட்டும். ஏமாற்றத் தெரியாதவர்களும் ஆடக்கூடிய ஒரே போக்கர் என்று சொல்லலாம்.

## சட்டம் சொல்லும் ‘போக்கர்’ எது?

போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா என்று இந்திய நீதிமன்றங்கள் வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கின்றன. 2017-இல் குஜராத் உயர் நீதிமன்றம் அதைச் சூதாட்டம் என்றது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம், அட்டவணையில் ரம்மியோடு போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டாகச் சேர்த்திருந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அட்டவணையை ரத்து செய்து, இரண்டும் திறமை விளையாட்டுகள் என்றது.

மேலே பார்த்தவற்றை வைத்துப் பார்த்தால் கேள்வியிலேயே ஒரு ஓட்டை தெரியும். எதிராளி எத்தனை சீட்டு மாற்றுகிறார் என்பதை மூன்று சுற்றுக்குக் கவனித்து ஆடும் படூகியும், திறந்து விழும் ஒரு சீட்டில் ஜோக்கர் மாறிப்போகும் ஃபாலோ த குயீனும், பந்தயம் ஏற்றுவதே இல்லாத சைனீஸும் ஒரே பெயருக்குக் கீழே வருகின்றன. திறமையின் பங்கு ஒவ்வொன்றிலும் வேறு. ‘போக்கர்’ என்று ஒற்றைச் சொல்லில் கேட்டால் ஒற்றைப் பதில் வராது; கலிபோர்னியா ஒரு நூற்றாண்டு திண்டாடியதும் இதே இடத்தில்தான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை, அறுத்துவிட்டது. பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆன்லைன் ஆட்டம் என்றாலே தடை; அதில் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்ற கேள்வியே அதற்குத் தேவைப்படவில்லை.